கல்வராயன் ஏற்றமும் இருவகை மிதிவண்டிகளும்

கள்ளக்குறிச்சியில் புறப்பட்டுக் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு மிதிவண்டியிலேயே செல்ல விழையும் நண்பர்கள் சிலர், வாங்கவேண்டியது மவுண்டன் பைக்கா ரோடு பைக்கா என்று நம்மிடம் வினவினர். விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடலாம்தான். ஆனால் இவ்விரு வண்டிகளும் எந்தப் பாதைக்காகப் பிறந்தவை என்பதை அறியாமல் வாங்குவோர், மலையடிவாரத்தைத் தாண்டியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரும். எனவே, சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

இன்று நாம் காணும் மிதிவண்டியின் உருவம் இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் 1885இல் அமைந்தது. ஜான் கெம்ப் ஸ்டார்லி வடித்த 'ரோவர்' வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவின. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது. அப்போது சாலை வண்டி, மலை வண்டி என்ற பிரிவே இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் தார்ச்சாலையே அரிதாயிருந்த காலம் அது.

1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ரோடு பைக்கின் நாற்றங்கால் என்பர். 1910இல் அப்பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்கணவாய்களுக்குள் நுழைந்தது. ஒரே நாளில் 326 கிலோமீட்டர். இடையில் 2115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாய். பாதையோ மண்ணும் கல்லும். வீரர்கள் பலர் இறங்கித் தள்ளியே ஏறினர். அவ்வாண்டு வென்ற ஒக்டாவ் லபீஸ், வழியில் கண்ட அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்றே ஏசினார். ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை அப்பந்தயத்தில் அனுமதித்தது 1937இல்தான்! அதாவது, இன்று மவுண்டன் பைக்கிற்கு உரியதென நாம் கருதும் பாதையில்தான் அன்றைய 'சாலை வண்டி' ஓடியது. தார் பரவியபின்னரே டயர் மெலிந்தது, வண்டியின் எடை குறைந்தது, சட்டகத்தின் இடைவெளிகள் குறுகின. ரோடு பைக்கை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்ததில் பொறியாளருக்கு உள்ள பங்கு சாலை போட்டவருக்கும் உண்டு.

மவுண்டன் பைக்கின் கதை வேறு. கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் 1930களின் தடித்த டயர் வண்டிகளைப் பழைய இரும்புக் கடைகளில் தேடியெடுத்துக் காட்டுத்தீத் தடங்களில் உருட்டிவிட்டனர். 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்னும் இறக்கப் பந்தயம் தொடங்கியது. மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரக் குடத்துக்குள் இருந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயர்க்காரணமும் அதுவே. 1977இல் ஜோ பிரீஸ் இத்தடங்களுக்கென்றே தனிச் சட்டகம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு 'மவுண்டன்பைக்ஸ்' என்னும் பெயரிலேயே தொழில் தொடங்கினர். இறங்குவதற்காகப் பிறந்த வண்டி, நெடும்பயண மிதிவண்டிகளின் கியர்களை இரவல் பெற்ற பிறகே ஏறவும் கற்றுக்கொண்டது.

அதே 1976, கல்வராயன் மலைக்கும் முக்கியமான ஆண்டு. அதுவரை இம்மலை சடையகவுண்டர், குறும்பகவுண்டர், ஆரியகவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. சமவெளியில் விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தே ஜாகிர் ஆட்சி இங்கு முடிந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது; காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது இவர்தம் மரபுக்கதை) சாமையும் கடுக்காயும் புளியும் தேனும் கீழே இறக்கி விற்பவர்கள். தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து விழுப்புரமும், அது 2019இல் பிரிந்து கள்ளக்குறிச்சியும் உருவாயின. ஆயினும் மலைச்சிற்றூர்களின் சாலைக்குறை தீரவில்லை. கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் நிலையைத் தாமாகவே முன்வந்து விசாரித்தபோது, சாலை வசதியும் பேசுபொருளாயிற்று.

இதற்கிடையில் நம்மவர் ஓட்டியது மேற்சொன்ன இரண்டையும் அன்று. 1949இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் செய்த, ஆங்கிலேய மரபுக் கறுப்பு வண்டிதான் அது: இருபது கிலோ எடை, கம்பி பிரேக், ஒற்றைக் கியர். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று கொண்டால், பெடலை ஒருமுறை சுழற்ற வண்டி 5.4 மீட்டர் ஓடும். சின்னசேலத்துக்கும் தியாகதுருகத்துக்கும் நெல்மூட்டையோடு போக அது போதும். கோமுகி அணைக்கு மேல் முழங்காலை முறிக்கும். பின்னாளில் பள்ளிமாணவரிடையே பெரும்புகழ் பெற்ற 'ஹெர்குலிஸ் எம்.டி.பி.' வண்டிகளிலும் பல ஒற்றைக் கியரே. அவற்றின் தடித்த டயர் மலையை நினைவூட்டியதே தவிர, ஏற்றத்தில் உதவவில்லை.

ஏற்றத்தைத் தீர்மானிப்பது அந்தச் சுழற்சிக் கணக்கே. இன்றைய ரோடு பைக்கில் முன்னே 34, பின்னே 32 பல் அமைந்தால் ஒரு சுழற்சிக்கு 2.2 மீட்டர். மவுண்டன் பைக்கில் 32க்கு 51 என்றால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. 2000 முதல் 3000 அடி வரை உயரும் இம்மலையில், தார்ச்சாலையை விட்டு விலகாமல் ஏறுவோருக்கு முதலாவதே போதும். எடை குறைவாதலால் களைப்பும் குறையும். உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் பழகுவோருக்கும் ரோடு பைக்கே இன்பம். ஆனால் வெள்ளிமலையோடு நில்லாமல் உள்ளூர்த் தடங்களில் இறங்குவோருக்கு 28 மில்லிமீட்டர் டயர் உதவாது.

ஒரே வண்டிதான் வாங்க இயலும் என்போருக்கு, பின்புற ஸ்பிரிங் இல்லாத எளிய மவுண்டன் பைக்கையே நாம் சொல்வோம். காரணம் பெருமையன்று, இடைவெளி. அதில் மெல்லிய வழவழப்பான டயரை மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டலாம். ரோடு பைக்கின் குறுகிய சட்டகத்தில் தடித்த டயர் நுழையாது. பின்புற ஸ்பிரிங்கோ, ஏறும்போது நம் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கும்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த இரும்பு ரிம்மை ரப்பர்க்கட்டை எளிதில் பற்றாது. கொண்டையூசி வளைவுகளில் விடாமல் அழுத்திப் பிடித்தால் எந்தப் பிரேக்கும் சூடேறும். ரீபேக் பந்தயத்தார் கண்டது அதைத்தான். எனவே எவ்வண்டியாயினும் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பாருங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைந்தபின் விட்டுவிடுங்கள். வெள்ளிமலையிலிருந்து திரும்புமுன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.