ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லாக்ராஸ் அணியின் நிதி

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், மற்ற விளையாட்டுகளில் எல்லாம், விளையாட்டு உதவித்தொகையே தராத கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. வலைக்கோலால் பந்தை ஏந்தி வீசும் லாக்ராஸில் மட்டும் அது முதல் பிரிவு. இந்த விசித்திர ஏற்பாட்டை ஒழிக்க 2004இல் முயற்சி நடந்தது. பழைய சலுகை தப்பியதால், லாக்ராஸ் வீரர்களுக்கு இன்றும் விளையாட்டு உதவித்தொகை வழங்க முடிகிறது.

ஆனால் அந்தத் தொகை பெரிதாக இருந்ததில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, ஆண்கள் அணி ஒன்றுக்கு 12.6 முழு உதவித்தொகை என்ற உச்சவரம்பை நெடுங்காலம் வைத்திருந்தது. பயிற்சியாளர் அதைத் துண்டு போட்டுப் பகிர வேண்டியிருந்தது. 48 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குக் கால்பங்கு கட்டணம்தான் தேறும். நட்சத்திர வீரருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்கள் பெற்றோர் பணத்தையே நம்ப வேண்டியதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்ற பெயர் நிலைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025இல் வந்த உடன்பாடு, அதை ஏற்கும் கல்லூரிகளுக்கு இந்த வரம்பை நீக்கி, அணிக்கு 48 பேர் என்ற ஆள் வரம்பை வைத்தது.

லாக்ராஸில் டிக்கெட் விற்பனை சிறிது, நன்கொடையே முதுகெலும்பு. 2012இல் திறக்கப்பட்ட கார்டிஷ் லாக்ராஸ் மையம், முன்னாள் வீரர் டேவிட் கார்டிஷ் பெயரைத் தாங்கியது. சொந்த மைதான ஆட்டங்களை இஎஸ்பிஎன்யூ விளையாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது, இந்த ஆட்டத்தில் அரிதான வாய்ப்பு. நெடுநாள் தனித்தே ஆடிய ஆண்கள் அணி, 2015 பருவத்திலிருந்து பிக் டென் கூட்டமைப்பில் லாக்ராஸுக்கு மட்டுமான உறுப்பினர்.