நீரிழிவுப் பாதப் புண்ணில் கிருமியின் இடம்

நீரிழிவுக்காரர் காலில் புண்ணோடு வந்தால், நம் மருத்துவமனைகள் பலவற்றில் முதல் வேலை பஞ்சுக்குச்சியால் புண்ணைத் தடவிக் கல்ச்சருக்கு அனுப்புவதுதான். சில நாளில் அறிக்கை வரும். சூடோமோனாஸ் என்றோ ஸ்டஃபைலோகாக்கஸ் என்றோ அதில் ஒரு பெயர் இருக்கும். அதற்கேற்ற ஊசி தொடங்கும். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிருமி இந்நோயில் கடைசியாக வந்து சேர்வது.

திறந்த புண் எதிலும் கிருமி குடியிருக்கும். மேலாகத் தடவி எடுத்ததில் வளர்வதுதான் ஆழத்தில் கேடு செய்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் தொற்றைக் கண்ணாலும் கையாலும் தீர்மானிக்கச் சொல்கின்றன. வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, வலி, சூடு, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. இருந்தால், புண்ணைச் சுத்தம் செய்தபின் அடியிலிருந்து சுரண்டிய சதையையே ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுவது இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது.

பெருவிரலின் அடியில் தடித்த கால் ஆணியைக் கத்தியால் சீவினால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். மேலே மிளகளவு துளை. உள்ளே சீழ் தேங்கிய குழி. மழுங்கிய உலோகக் கம்பியை மெல்ல விட்டால் கெட்டியாக எலும்பில் தட்டும். தொற்றுள்ள புண்ணில் அப்படித் தட்டினால் எலும்புக்கும் தொற்று ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். காய்ச்சல் இருக்காது, வெள்ளணுக்களும் ஏறாமல் இருக்கலாம். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்த கால் அது. நீரிழிவால் நரம்பு கெட்டு உணர்வு போனபின், நாளெல்லாம் ஒரே இடத்தில் விழும் அழுத்தம் சதையை நசுக்கி, தோலைத் திறந்து வைக்கிறது. கிருமி அந்த வாசல் வழியே நுழைகிறது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தாமாக அழுகுவதில்லை, உணர்வின்மையால் அடிபட்டே தேய்கின்றன என்று காட்டினார். புண்ணுக்கு அவர் தேடிய மருந்து ஓய்வும் செருப்பும்: பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு, ஆறியபின் எம்.சி.ஆர். எனும் மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பு. பின்னர் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது அந்த மாவுக்கட்டு முறை நீரிழிவுப் பாதத்துக்கும் பரவியது. இன்று தொற்றோ ரத்தக்குறைவோ இல்லாத உள்ளங்காற் புண்ணுக்கு, எளிதில் கழற்ற முடியாத முழங்கால் உயரக் கட்டினையே பன்னாட்டு நெறிகள் முதலில் சொல்கின்றன. வேலூரிலிருந்து கிளம்பியது உலகைச் சுற்றிவிட்டது. நம் நீரிழிவு வார்டுகளுக்குள் மட்டும் இன்னும் முழுதாக நுழையவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நம்மவர்கள் முற்றிய நிலையில்தானே வருகிறார்கள், அப்போது ஆன்டிபயாட்டிக் தராமல் முடியுமா? முடியாது. பாதம் வீங்கி, சிவப்பு கணுக்கால் தாண்டி, நாடி படபடத்தால் அன்றே ஊசி போட வேண்டும். ஆனால் சீழ் கட்டியிருந்தால் அன்றே திறக்கவும் வேண்டும். உள்ளங்காலின் அறைகளுக்குள் தசைநாண் வழியே அது மேலேறும். ரத்தம் எட்டாத விரலுக்கு மருந்தும் சரிவர எட்டாது என்பதால் ரத்த ஓட்டத்தை உடனே பார்ப்பது கட்டாயம். மென்திசுத் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் மருந்து போதும். புண் மூடும்வரை மாதக்கணக்கில் நீட்டுவது, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்குச் சுமை, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு வளர்ப்பிடம்.

ஆறியபின் நடப்பது இவ்வாதத்துக்கு வலுவான சான்று. நீரிழிவுப் பாத ஆய்வாளர்கள் ஆம்ஸ்ட்ராங், போல்டன், பஸ் மூவரும் 2017இல் எழுதிய மதிப்பீட்டின்படி, புண் ஆறியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது. ஐந்தாண்டில் 65 விழுக்காட்டினருக்கு. கிருமியை ஒழித்தபின்னும் கால் அதே கால், நடை அதே நடை. தொழுநோய் மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொண்டு செருப்புப் பட்டறையைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தன. நீரிழிவுப் பிரிவுகளிலும் செருப்புத் தைப்பவருக்கு ஒரு பணியிடம் உருவாக்குவது, விலையுயர்ந்த அடுத்த ஆன்டிபயாட்டிக்கைக் கொள்முதல் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் வர வேண்டும்.