மரக்காணத்து உப்பளங்களும் வெயிலும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக அறிஞர் பலரால் கருதப்படுவதுடன், கழுவெளி ஏரியின் நீர் கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டி, வெயிலையே எரிபொருளாகக் கொண்ட உப்புத்தொழில் நெடுங்காலமாக நிலைத்துவரும் ஊருமாகும். இதற்கு மாறாக, 18ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் உவர்நீரை விறகிட்டுக் காய்ச்சியே உப்பெடுத்தனர். ஒரு லிட்டர் கடல்நீரில் சோற்றுப்பு ஏறத்தாழ 27 கிராமே இருப்பதால், ஒரு கிலோ உப்புக்கு 35 லிட்டருக்கும் மேலான நீர் ஆவியாக வேண்டும் என்பதை எண்ணினால், சோழமண்டலக் கரையில் வெயில் எவ்வளவு விறகை மிச்சப்படுத்தியது என்பது விளங்கும்.

மிதித்து இறுக்கிய களிமண் பாத்திகளில் நீர் அடர்வதைப் 'போமே' பாகை என்னும் அளவால் கணிப்பர். 3 பாகையளவில் புகும் கடல்நீர், ஜிப்சத்தின் பெரும்பகுதியை வழியிலேயே படியவிட்டு, 25 பாகையை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும், 29 பாகையைத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால், எஞ்சிய நீரை உரிய பொழுதில் வடித்துவிடுவர். அப்பொழுதைக் கண்ணாலும் கையாலும் அறிந்த தொழிலாளரின் நுண்ணறிவு, வரிக்கணக்குகளால் நிறைந்த உப்பு வரலாறுகளில் போதிய இடம் பெறாதது பெருங்குறையே.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பின்னர் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை நீண்டு, சென்னையோடு நீர்வழித் தொடர்பைத் தந்தது. உப்பு வரி 1947இல் நீங்கிய பின்னும் தொழிலின் காலக்கணக்கை வெயிலே வகுப்பதால், ஜனவரி வாக்கில் பாத்திகளைச் செம்மை செய்து, கோடையில் மரப்பலகையால் உப்பை வாரிக் குவித்து, வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் அம்பாரங்களை மூடிவிடுகின்றனர்.