இரண்டுக்கு இரண்டு: போக்கிமான் இரட்டையர் ஆட்டம் வளர்ந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன பதிவின் கீழே ஒரு பழைய மாணவி எழுதியிருந்தார்: "சார், என் பையன் எட்டாம் வகுப்பு. எந்நேரமும் போக்கிமான் போக்கிமான் என்றே இருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்." சொல்வதற்கு முன் அது என்ன ஆட்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பேரனிடம் கேட்டும், பழைய இறுதிப் போட்டிகளை யூடியூபில் பார்த்தும் ஆறு மாதமாகப் படித்ததை வரலாறாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் சதோஷி தஜிரி என்று ஒருவர். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியம். பெரியவரான பிறகு, இரண்டு கேம் பாய் கருவிகளை ஒரு கேபிளால் இணைக்கலாம் என்பதைப் பார்த்ததும், அந்தக் கேபிள் வழியே பூச்சி ஊர்ந்து போவது போல அவருக்குத் தோன்றியதாம். 1996 பிப்ரவரி 27 அன்று முதல் இரண்டு விளையாட்டுகள் வெளிவந்தன. பிராணிகளைப் பிடிக்கலாம், வளர்க்கலாம், நண்பனுடைய பிராணியோடு மோத விடலாம்.

அடுத்த ஆண்டே ஜப்பானில் போட்டி வைத்தார்கள். ஆறு பிராணி கொண்டுவந்து மூன்றை இறக்க வேண்டும். மூன்றின் நிலைகளையும் கூட்டினால் 155-ஐத் தாண்டக் கூடாது. களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு ஒன்றுதான் நிற்கும். நீர் வந்தால் நெருப்பு பின்வாங்கும், புல் வந்தால் நீர் பின்வாங்கும். ஆள் மாற்றுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

2002 நவம்பரில் ரூபி, சஃபையர் என்ற இரண்டு விளையாட்டுகள் வந்தபோதுதான் பக்கத்துக்கு இரண்டு பிராணி நிற்கும் இரட்டையர் ஆட்டம் பிறந்தது. கேட்க சின்ன மாற்றம்தான், ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒற்றையரில் ஒரு பிராணிக்கு நான்கு வித்தை, வெளியே இரண்டு மாற்று ஆள், ஆக ஆறு வழி. எதிராளிக்கும் ஆறு. ஒரு சுற்றில் 36 சாத்தியம். இரட்டையரில் நான்கு வித்தையை இரண்டு எதிரிகளில் யார்மேல் விடுவது என்பதற்கே எட்டு வழி. மாற்று ஆள் இரண்டையும் சேர்த்தால் பத்து. உங்கள் பக்கம் இரண்டு பிராணி என்பதால் பத்தைப் பத்தால் பெருக்க நூறு. எதிர்ப்பக்கமும் நூறு. மொத்தம் ஏறத்தாழ 10,000! (இரண்டு பிராணியும் ஒரே மாற்று ஆளைக் கூப்பிட முடியாது, இரண்டு பேரையும் சேர்த்து அடிக்கும் வித்தைக்கு இலக்கு தேவையில்லை, அதனால் சற்றுக் குறையும். கணக்கில் கெட்டிக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள்.)

சதுரங்கத்தில் எதிராளி நகர்த்தியதைப் பார்த்துவிட்டு நாம் நகர்த்துகிறோம். இங்கே இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் முடிவெடுக்க வேண்டும். பிறகுதான் வேகமான பிராணி முந்தி அடிக்கும்.

2009-ல் சான் டியேகோவில் உலகப் போட்டி நடந்தபோது, அதுவரை அட்டை விளையாட்டு மட்டும் இருந்த மேடையில் இந்த வீடியோ விளையாட்டும் சேர்ந்தது. அன்று முதல் உலகப் போட்டி என்றாலே இரட்டையர்தான். ஆறு கொண்டுவந்து நான்கை இறக்க வேண்டும். எல்லாப் பிராணியும் நிலை 50-க்குச் சமப்படுத்தப்படும். ஒரே இனம் இரண்டு கூடாது, ஒரே பொருளை இரண்டு பிராணி வைத்திருக்கக் கூடாது. 2011 முதல் எதிராளியின் ஆறையும் முன்கூட்டியே பார்க்கலாம். ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழி, அந்த நான்கில் முதலில் நிற்கும் இருவரைத் தேர்ந்தெடுக்க 6 வழி, ஆக 90. இப்போதெல்லாம் இதை யோசிக்கக் கொடுக்கும் நேரமும் 90 விநாடிதான். தற்செயலாக இருக்கலாம், ஆனால் கணக்கு வாத்தியாருக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன!

ஒற்றையரில் யாரும் மதிக்காத வித்தையெல்லாம் இங்கே ராஜா. 'புரொடெக்ட்' என்று ஒன்று. அந்தச் சுற்றில் என்மேல் எந்த அடியும் படாது, அவ்வளவுதான். ஒற்றையரில் அது பெரும்பாலும் ஒரு சுற்று வீண். இரட்டையரிலோ எதிரி இருவரும் சேர்ந்து ஒருவனை அடிக்க வரும்போது அவன் கேடயம் பிடிப்பான், பக்கத்தில் நிற்பவன் சும்மா இருந்து அடிப்பான். நிலநடுக்க வித்தை எதிரி இருவரையும் அடிக்கும், நம் கூட்டாளியையும் சேர்த்து அடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கினால் பலம் முக்கால் பங்காகும். 'டிரிக் ரூம்' என்ற வித்தையைப் போட்டால் ஐந்து சுற்றுக்கு மெதுவானவன் முந்துவான், வேகமானவன் பிந்துவான்.

அமெரிக்காவின் ரே ரிஸ்ஸோ 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியன். ஆனால் எனக்குப் பிடித்தது 2014, வாஷிங்டன். தென்கொரியாவின் செஜுன் பார்க் தன் அணியில் பச்சிரிசு என்ற மின்சார அணிலை வைத்திருந்தார். (பெயரைக் கேட்டதும் எனக்குப் பொங்கலுக்கு வாங்கும் பச்சரிசிதான் நினைவுக்கு வந்தது.) அதன் ஆறு திறன்களின் அடிப்படை எண்களைக் கூட்டினால் 405. அதே அணியில் இருந்த கார்சோம்ப்புக்கு 600. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பார்க் அதை அடிப்பதற்குக் கொண்டுவரவில்லை, தாங்குவதற்கென்றே வளர்த்திருந்தார். 'ஃபாலோ மீ' என்றால் கூட்டாளிக்கு வரும் அடியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்ற கியராடோஸுக்கு மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு வலி. அணிலோ மின்சாரத்தைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும்! தனக்குப் பலமில்லாவிட்டாலும் எதிரியின் மிச்ச உயிரில் சரிபாதியை வெட்டும் வித்தை ஒன்றும் அதற்கு இருந்தது. அந்த அணியோடுதான் பார்க் கோப்பையை வென்றார்.

விதிகளும் அப்படியே நிற்கவில்லை. 'டார்க் வாய்ட்' என்ற வித்தை எதிரி இருவரையும் ஒரே வீச்சில் தூங்க வைத்துவிடும். எந்த வித்தையையும் பார்த்துக் கற்கும் ஸ்மியர்கிள் அதையும் கற்றுக்கொண்டு பலரின் ஆட்டத்தைக் கெடுத்தது. 2016 இறுதியில் வந்த சன், மூன் விளையாட்டுகளில் அது குறி தப்பாமல் படும் வாய்ப்பை நூற்றுக்கு 80-லிருந்து 50 ஆக்கி, டார்க்ராய் என்ற ஒரே பிராணிக்கு மட்டும் உரியதாக்கினார்கள். எதிராளி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்படியான ஆட்டம் ஆட்டமில்லை. சரியான முடிவு என்பேன்.

இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிராணிக்கும் 510 பயிற்சிப் புள்ளிகள் வரை சேர்க்கலாம், ஒரு திறனுக்கு 252-க்கு மேல் கூடாது. தொடக்க காலத்தில் இந்த எண்களைத் திரையில் காட்டவே மாட்டார்கள். பிறவிக் குணத்துக்கு 0 முதல் 31 வரை தனி எண். நல்லது கிடைக்கும் வரை முட்டை முட்டையாகப் பொரிக்க வேண்டும். ஓர் அணி தயாராக வாரக்கணக்கில் ஆகும். பிறகு இதை எளிதாக்க வழிகள் வந்தன, குணத்தை மாற்றும் 'மின்ட்' 2019-ல் வந்தது. ஆனாலும் சிலர் கணினியில் பிராணியைச் செய்து கொண்டுவந்தார்கள். 2023 யோகோஹாமா உலகப் போட்டியில் அப்படிச் சிக்கியவர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

"எண்கள் விதிக்குள்தானே இருக்கின்றன, வேலைக்குப் போகிறவனுக்கு முட்டை பொரிக்க ஏது நேரம்?" என்பது ஒரு கட்சி. "எல்லோரும் கஷ்டப்பட்டுத்தானே வந்தோம்?" என்பது எதிர்க்கட்சி. தண்டனை சரியே; விதி தெரிந்துதான் போனார்கள். ஆனால் முதல் கட்சியின் கேள்வியும் நியாயமானது. மூளையைச் சோதிக்கும் போட்டிக்கு நுழைவுச்சீட்டாகப் பொறுமையையும் ஓய்வு நேரத்தையும் கேட்டால், ஓய்வில்லாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான். கருவியின் விலை வேறு. 2018-ல் நாஷ்வில்லில் ஈக்வடாரைச் சேர்ந்த பால் ரூயிஸ் பட்டம் வென்றதைப் படித்தபோது அதனால்தான் கூடுதலாக மகிழ்ந்தேன்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: அம்மா, பையன் தனியாகக் கதையை ஓட்டுகிறானா, இரட்டையர் ஆடுகிறானா என்று முதலில் கேள். இரட்டையர் என்றால், ஆறில் நான்கு எப்படி 15 வழி ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல். எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.