பொருள்வழி எண்ணக் கற்பித்தல்

பொருள்வழி எண்ணக் கற்பித்தல் என்பது புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, சோழி, கரண்டி போன்ற அன்றாடப் பொருள்களைக் கையாளவிட்டு இளங்குழந்தைகளுக்கு எண்ணிக்கையைப் பழக்கும் முறையாகும். எண்களை ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. பத்து வரை சரளமாகச் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஐந்து கொட்டை கேட்டால், பெரும்பாலும் ஒரு பிடி அள்ளித் தரும். உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது.

உளவியலாளர்கள் ரோஷல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் இருவரும் 1978இல் எண்ணும் திறனை ஐந்து நெறிகளாகப் பிரித்தனர்: ஒரு பொருளுக்கு ஒரே எண், மாறாத எண்வரிசை, கடைசி எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பொருளிலிருந்தும் தொடங்கலாம். இவற்றுள் மூன்றாவது எளிதில் வசப்படாது. கொட்டைகளைப் பிழையின்றி ஐந்து வரை எண்ணிய குழந்தையிடம் “மொத்தம் எத்தனை?” என்றால், திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும். பெரியவர்கள் சலித்துக்கொள்வது இங்கேதான். மிகுந்த பொறுமை வேண்டியதும் இங்கேதான். இரண்டு, மூன்று பொருள்களோடு நின்று, எண்ணி முடித்ததும் அவற்றைக் கையால் வளைத்துக் காட்டி “ஆக மூன்று” என்று சொல்லிப் பழக்குவது நல்லது.

முதல் நெறியில் வரும் தவறு வேறு வகை. வாய் விரலை முந்திவிடும். ஒரே கொட்டை இரு முறை எண்ணப்படும். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துவைக்கச் சொன்னால், எண்ணியதும் எண்ணாததும் தாமே பிரிந்துவிடும்.

தமிழர் வீடுகளில் இதற்குப் பழைய துணை பல்லாங்குழி. பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாகக் கொட்டை போட்டுச் செல்வதே முதல் நெறிக்கான பயிற்சி. பரவலான ஆட்ட வகைகளில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, அந்தக் குழிக்கு உரியவர் அள்ளிக்கொள்வார். மூன்று, நான்கு பொருள்களை எண்ணாமல் பார்த்தவுடனே அறியும் இயல்பை இது கூர்மையாக்குகிறது.

பத்தைத் தாண்டியபின் ஈர்க்குச்சிகள் ஏற்றவை. பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டினால் ஒரு கட்டு. இரண்டு கட்டும் மூன்று உதிரியும் இருபத்து மூன்று. இடமதிப்பு இப்படிக் கைக்குள் அடங்கிவிடுகிறது. சுழியத்தைப் பொருளால் காட்டுவது கடினம். மரியா மாண்டிசோரி முறையில் மரக்கதிர்களை எண்ணி அறைகளில் இடும் கதிர்ப்பெட்டி அதற்கென ஓர் அறையை வெறுமையாக விடுகிறது. மற்ற ஒன்பது அறைகளில் ஒன்று முதல் ஒன்பது வரையாக மொத்தம் 45 கதிர்கள் அமைகின்றன.

மூன்று வயதுக்குட்பட்டோர் கொட்டை, மணி போன்றவற்றை விழுங்கவோ மூக்கிலும் காதிலும் திணிக்கவோ கூடும். அவர்களுக்கு டம்ளர், கரண்டி, எலுமிச்சம்பழம் போன்றவையே ஏற்றவை.