டேனியல்களின் குமரிமுனை எங்கே இருக்கிறது?

‘கேப் கொமரின்’ என்று தலைப்பிட்ட பழைய அச்சுப்படம் ஒன்று உண்டு. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியம் டேனியலும் லண்டனில் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுப்பில், நான்காம் தொகுதியின் முதல் படம் அது. நாஞ்சில் நாட்டுக்காரன் எவனும் ஆசையோடுதான் அதைத் தேடிப் பிடிப்பான். பிடித்த பிறகு குழப்பம். படத்தை நிறைத்து நிற்பது மலை. முக்கடல் எங்கே, அம்மன் கோயில் எங்கே?

துப்பு படத்திலேயே இருக்கிறது. தலைப்பு ‘கேப் கொமரின்’ என்பதோடு முடியவில்லை. ‘களக்காட்டருகே இருந்து வரைந்தது’ என்ற பொருளில் இன்னொரு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. களக்காடு திருநெல்வேலிச் சீமை ஊர். அங்கிருந்து குமரிமுனை நேர்தெற்கே ஏறக்குறைய 48 கிலோமீட்டர். அத்தனை தொலைவில் நின்றுகொண்டு குமரியை எப்படி வரைய முடியும்?

ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாமஸ் 1749இல் பிறந்தவர். சாரட்டு வண்டிகளில் குலச்சின்னம் தீட்டும் தொழிலில் பழகியவர். வில்லியம் இருபது வயது இளையவர். 1785இல் கப்பலேறி, சீனா வழியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வட இந்தியாவில் இமயமலை வரை போய்த் திரும்பி, வரைந்த ஓவியங்களை லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்றார்கள். தெற்கே வரச் செலவுக்குப் பணம் அப்படித்தான் கிடைத்தது. ஒப்பிட்டுச் சொன்னால், அமெரிக்காவில் ஓவியர் ஜார்ஜ் கேட்லின் மிசௌரி ஆற்றில் ஏறிப் பழங்குடி மக்களை வரையப் போனது 1832இல். டேனியல்கள் அதற்கு நாற்பது ஆண்டு முந்தியவர்கள். கேட்லின் மனித முகங்களைத் தேடிப் போனார். இவர்களுக்கு மலையும் கோட்டையும் கோயிலும் போதும், மனிதர்கள் பெரும்பாலும் அளவு காட்ட மட்டுமே.

1792 மார்ச் இறுதியில் சென்னையில் இறங்கினார்கள். அதே மாதம்தான் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை முடிந்தது. சேலம், திண்டுக்கல் பக்கங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. படை போன தடத்திலேயே இவர்களும் போனார்கள். பல்லக்கு, குதிரை, சுமையாட்கள், காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூரா எல்லாம் கூடவே வந்தன. திருச்சி, மதுரை தாண்டி நெல்லைச் சீமைக்கு வந்து பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்தார்கள். அந்த இரண்டு படங்களும் இதே தொகுதியில் இருக்கின்றன. அதாவது, நம் படம் மலையடிவாரமாகவே தெற்கே இறங்கி வந்த ஒரு வரிசையைச் சேர்ந்தது.

இனி மலை. குமரிக்குப் பக்கத்தில் தனித்து நிற்பது பொற்றையடியின் மருந்துவாழ்மலை. ‘கேப்’ என்ற பெயரைப் பார்த்ததும் சந்தேகம் அதன்மேல்தான் விழும். ஆனால் களக்காட்டில் நிற்பவருக்கு அது காட்சிப்பொருளே ஆகாது. உயரம் குறைவு, தொலைவு அதிகம். களக்காட்டிலிருந்து தெற்கே பார்த்தால் கண்ணை மறிப்பது 1600 மீட்டருக்கு மேல் எழும் மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்துதான் என்று உள்ளூரில் சொல்வார்கள். இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிப்பதும் இதன் அடிவாரத்தில்தான். கடலிலிருந்து வருகிற மாலுமிக்குத் தாழ்ந்த கரைக்கு முன்பே தென்படுவதும் இந்தத் தென்கோடி மலைகள்தாம். ஆகவே குமரிமுனை என்ற பெயர் அவற்றின்மேலும் படர்ந்திருப்பதில் வியப்பில்லை. படத்தில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடம், வடக்கேயிருந்து பார்த்தபடி. இது என் முடிவு.

வியாபாரமும் இதில் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நேரில் வரைந்தது 1792இல். செப்புத் தகட்டில் ஏற்றி அச்சிட்ட நான்காம் தொகுதி நிறைவுற்றது 1807இல். ஆறு தொகுதி, மொத்தம் 144 படம், எல்லாம் பணக்காரச் சந்தாதாரர்களுக்கு. களக்காடு என்றால் லண்டனில் எந்தச் சீமானுக்குத் தெரியும்? இந்தியாவின் கடைக்கோடி என்றால் தொகுதிக்கு முகப்பாக வைக்கலாம். இருந்தாலும் நின்ற இடத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

அரசியல் எல்லையையும் மறக்கக்கூடாது. களக்காட்டுக்காகத் திருவிதாங்கூரும் ஆற்காட்டு நவாபும் நெடுங்காலம் இழுபறி நடத்தினார்கள். டேனியல்கள் வந்த வேளையில் அது திருவிதாங்கூரின் கையில் இல்லை. பணகுடி, காவல்கிணறு தாண்டி, இன்று காற்றாலைகள் சுற்றுகிற முப்பந்தல் வழியாகப் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே கோட்டைச் சுவர். அதற்கு அந்தப்புறம்தான் நாஞ்சில் நாடு. கம்பெனிப் படை அந்தச் சுவரில் ஏறியது 1809 பிப்ரவரியில், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய்க்கு எதிரான போரில். நம் ஓவியர்களின் தூரிகை அதற்குப் பதினேழு ஆண்டு முன்பு, மலைக்கு இந்தப்புறமே நின்றிருக்கிறது.

எனவே இந்தப் படத்தை வைத்து டேனியல்களை நாஞ்சில் நாட்டின் ஓவியர்கள் என்று சொல்வது பொருந்தாது. அவர்கள் வரைந்தது நாஞ்சில் நாட்டின் வடக்கு வேலியை, அதுவும் வெளியே நின்று. மாவட்ட வரலாற்று நூல்களிலும் நாள்காட்டிகளிலும் இந்தப் படத்தைக் ‘கன்னியாகுமரி’ என்று போட நினைப்பவர்கள், தலைப்பின் இரண்டாம் பாதியையும் சேர்த்தே அச்சிடுங்கள். களக்காட்டுக்காரர்களுக்கு அது சேரவேண்டிய பங்கு.