அச்சுத்தாளும் காப்புநகல் நாடாவும்: வெள்ளை மாளிகை மின்னஞ்சல் வழக்கும் மின்னணு ஆவண மேலாண்மையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நிறுவனத்துள் உருவாகும் மின்னணுச் செய்தி எப்போது ஆவணமாகிறது, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் இரு வினாக்களும் அமெரிக்க வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் குறித்து 1989இல் தொடங்கிய வழக்கில் முதன்முறையாக விரிவான நீதிமன்ற ஆய்வுக்கு வந்தன. அவ்வழக்கின் போக்கையும், அதன் பின்னர் கூட்டாட்சி அரசின் ஆவண மேலாண்மை நடைமுறைகள் மாறிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்னணு ஆவணம், மின்னஞ்சல், மீதரவு, காப்புநகல் நாடா, ஆவணக்காப்பகம், கழிவுப் பட்டியல்.

முன்னுரை

காகித அலுவலகத்தில் ஆவணத்தைக் காப்பதற்கென்று தனியாக எவரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. கடிதம் வந்ததும் தபால் பிரிவில் வருகை முத்திரை விழும், எண் இடப்படும், கோப்பில் சேரும். அழிப்பதற்குத்தான் தனி முயற்சி தேவை. கணினியில் இம்முறை தலைகீழாகிறது. ஒரு விசையை அழுத்தினால் செய்தி மறைந்துவிடும். அதனை நிலைநிறுத்துவதற்குத்தான் விதியும் அமைப்பும் பணியாளரும் வேண்டும். இவ்வேறுபாட்டின் முழு விளைவையும் 1980களின் அலுவலகங்கள் உணர்ந்திருக்கவில்லை. மின்னஞ்சலைத் தொலைபேசி உரையாடலுக்கு மாற்றாகக் கருதும் போக்கே அன்று மேலோங்கியிருந்தது. வெள்ளை மாளிகையும் இதற்கு விலக்கன்று.

அமெரிக்காவில் அரசு ஆவணங்களை இரு சட்டங்கள் ஆள்கின்றன. 1950ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஆவணச் சட்டம் அரசுத் துறைகளின் ஆவணங்களுக்குரியது. 1978ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆவணச் சட்டம், நிக்சனின் ஒலிநாடா விவகாரத்தின் விளைவாகப் பிறந்தது. குடியரசுத் தலைவரின் அலுவல்சார் ஆவணங்களை அரசின் உடைமையாக்கியது. ஆவணம் எவ்வடிவில் இருப்பினும் ஆவணமே என்னும் வரையறை கூட்டாட்சிச் சட்டத்தில் முன்னரே இருந்தது. ஆகவே சிக்கல் சட்டத்தின் சொற்களில் இல்லை. அவற்றை அன்றாட அலுவலகப் பழக்கமாக மாற்றுவதில் இருந்தது.

நவம்பர் 1986

ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘புரொஃப்ஸ்’ என்னும் அலுவலக மென்பொருள் 1980களின் நடுப்பகுதியில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் முழுப் பயன்பாட்டிற்கு வந்தது. மையக் கணினியுடன் இணைந்த முனையங்களின் வழியே அலுவலர்கள் ஒருவருக்கொருவர் குறிப்புகள் அனுப்பினர். நாட்குறிப்பும் அதிலேயே இருந்தது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்க்குத் திருப்பிவிட்ட செய்தி 1986 நவம்பரில் வெளிப்பட்டது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயிண்டெக்ஸ்டரும் அவருடைய பணியாளர் ஆலிவர் நார்த்தும் தத்தம் மின்னஞ்சல் பெட்டிகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளை நீக்கினர்.

நீக்கியவை திரையிலிருந்து மறைந்தன, ஆனால் அழியவில்லை. கணினி பழுதுற்றால் மீட்டெடுப்பதற்காக முழு அமைப்பையும் குறிப்பிட்ட இடைவெளியில் காந்த நாடாவில் நகலெடுக்கும் வழக்கம் இருந்தது. அந்நாடாக்களும் சில வாரங்களில் மீண்டும் பயன்படுத்தப்பட்டு, பழைய நகலின் மேல் புதிய நகல் பதியப்படுவதே இயல்பு. நவம்பர் மாத நாடாக்கள் அவ்வாறு மேலெழுதப்படாமல் தனியே எடுத்து வைக்கப்பட்டன. 1987 பிப்ரவரியில் அறிக்கை அளித்த டவர் குழு தன் வரலாற்றை எழுதியது பெருமளவில் இச்செய்திகளைக் கொண்டே.

காப்புநகல் நாடா ஆவணக்காப்பகம் அன்று. அதில் பொருள்வாரி அடுக்கு இல்லை, காலவரை இல்லை, எது முக்கியம் என்னும் மதிப்பீடும் இல்லை. ஒரே நாளின் எல்லாச் செய்திகளும், உணவு அழைப்பு முதல் ஆயுதப் பேரம் வரை, ஒரே நாடாவில் கலந்து கிடக்கும். ஆவண மேலாண்மை செய்யத் தவறியதைக் கணினிப் பராமரிப்பு தற்செயலாகச் செய்தது என்பதே 1986இன் உண்மை. வரலாற்றாசிரியர்கள் இதனை வெற்றியாகக் கொண்டாடியது ஓரளவு மிகையானது. நாடாச் சுழற்சி சற்று விரைவாக இருந்திருப்பின் கொண்டாட எதுவும் எஞ்சியிராது.

வழக்கு

1989 ஜனவரி 19, ரீகன் ஆட்சியின் கடைசி முழு நாள். ஆட்சி மாற்றத்தை ஒட்டி மின்னஞ்சல் அமைப்பிலும் காப்புநகல் நாடாக்களிலும் உள்ளவை அழிக்கப்படவிருந்தன. இதழாளரும் தேசியப் பாதுகாப்பு ஆவணகம் என்னும் தனியார் ஆய்வு நிறுவனத்தின் நிறுவனருமாகிய ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் தொடுத்த வழக்கில் நீதிபதி பேரிங்டன் பார்க்கர் அன்றே இடைக்காலத் தடை விதித்தார். அமெரிக்க வரலாற்றுக் கழகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் வழக்காளர் வரிசையில் நின்றன. எதிர்வழக்காடிய புஷ் ஆட்சியின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோகிராஃப்ட். அந்நாடாக்களிலிருந்து மீண்ட செய்திகளைக் கொண்டு அறிக்கை எழுதிய டவர் குழுவின் மூன்று உறுப்பினருள் அவரும் ஒருவர்.

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. ஆவணத் தன்மை வாய்ந்த செய்தியை அலுவலரே தேர்ந்து தாளில் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுகிறார். எனவே கணினியில் எஞ்சுவது வெறும் மிகைப்படி. மிகைப்படியை அழிப்பதில் தவறில்லை. நிர்வாக நோக்கில் இவ்வாதம் பொருத்தமற்றது எனத் தள்ளிவிட இயலாது. காகிதக் கோப்பே அன்றைய அலுவலகங்களின் முறையான காப்பு வடிவம். கணினிக் கோப்பை நீண்ட காலம் பேணும் வழியும் அரசுத் துறைகளிடம் அன்று இல்லை.

ஆயினும் அச்சிட்ட தாளும் திரையிலுள்ள செய்தியும் ஒன்றல்ல என்று 1993 ஜனவரி 6 அன்று நீதிபதி சார்லஸ் ரிச்சி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தாளில் விடுபட்டவை எவை? அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் முழுப்பெயர் பல வேளைகளில் தாளில் வராது. கணினி அடையாளக் குறியோ ஒரு குழுவின் பெயரோதான் வரும். அக்குழுவில் அன்று யார் யார் இருந்தனர் என்பது கணினியிலுள்ள பட்டியலில் மட்டுமே இருக்கும். செய்தி எப்போது திறக்கப்பட்டது என்னும் பெறுகைக் குறிப்பும் தாளுக்கு வராது. முகவரியும் வருகை முத்திரையும் கத்தரிக்கப்பட்ட குறிப்பாணைக்கு அத்தகைய அச்சுத்தாளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பிட்டது.

ஒப்பீடு பொருத்தமானது. ஈரான்–கான்ட்ரா விவகாரத்தில் மையக் கேள்வி என்ன சொல்லப்பட்டது என்பது மட்டுமன்று. யாருக்கு எப்போது தெரிந்திருந்தது என்பதும் ஆகும். அதற்கு விடை செய்தியின் உடலில் இல்லை, தலைப்பகுதியில் இருக்கிறது. பிற்காலத்தில் மீதரவு என வழங்கலாயிற்று இத்தகவல். சோழர் செப்பேடுகளில் திருமந்திர ஓலை எழுதியவர், ஒப்பிட்ட ஓலைநாயகம், வரியிலிட்டபோது உடனிருந்த அலுவலர் எனப் பெயர்வரிசை நீள்வதை அறிந்த ஆய்வாளர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. தானத்தின் செய்தி ஓரிரு வரிகளில் அடங்கும். அதனைச் சான்றாக்குவது அந்த நீண்ட பெயர்வரிசையே.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு நடைமுறையாக மாறிய கதை மேன்மையானதன்று. 1993 ஜனவரி 19 இரவு, புஷ் பதவி விலகுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன், தேசிய ஆவணக்காப்பாளர் டான் வில்சன் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு அந்த ஆட்சியின் மின்னணு ஆவணங்கள்மீது புஷ்ஷுக்குத் தனிக் கட்டுப்பாட்டை வழங்கினார். பின்னர் அவர் டெக்சாஸிலுள்ள புஷ் மையத்தின் பொறுப்பை ஏற்றார். உடன்படிக்கை செல்லாது என 1995இல் ரிச்சி அறிவித்தார். நாடாக்களைக் காக்கத் தவறியதாக 1993 மே மாதத்தில் அவர் பிறப்பித்த நீதிமன்ற அவமதிப்பு ஆணையை மட்டும் மேல்முறையீட்டு மன்றம் நீக்கியது. ஆயிரக்கணக்கான நாடாக்கள் ஒரே இரவில் தேசிய ஆவணக்காப்பகத்திற்கு வந்தபோது, அவற்றைப் படிக்கும் கருவிகளுக்கும் நகலெடுக்கும் திறனுக்கும் அந்நிறுவனம் திணற வேண்டியிருந்தது.

1996இல் மற்றொரு திருப்பம். தேசியப் பாதுகாப்பு மன்றம் கூட்டாட்சிச் சட்டத்தின் பொருளில் ஓர் ‘அரசுத் துறை’ அன்று என மேல்முறையீட்டு மன்றம் முடிவுசெய்தது. அதன் ஆவணங்கள் குடியரசுத் தலைவர் ஆவணச் சட்டத்தின்கீழ் சென்றன. ஆட்சி நடைபெறும் காலத்தில் தகவல் உரிமை வழியே அவற்றைக் கோர இயலாமற்போயிற்று. எந்த அலுவலகத்தின் செய்திகளுக்காக வழக்கு தொடங்கியதோ அந்த அலுவலகமே வழக்கின் பயனிலிருந்து பெரிதும் விலகிச் சென்றது.

ஏனைய துறைகளுக்காகத் தேசிய ஆவணக்காப்பகம் 1995 ஆகஸ்டில் மின்னஞ்சல் விதிகளை வெளியிட்டது. அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியவை செய்தியுடன் காக்கப்பட வேண்டும் என அவை விதித்தன. ஆனால் அதே காலத்தில் வந்த 20ஆம் எண் பொதுக் கழிவுப் பட்டியல், அத்தகவலுடன் தாளிலோ வேறு காப்பமைப்பிலோ படியெடுத்த பின் கணினியிலுள்ளதை நீக்கலாம் என்றது. பப்ளிக் சிட்டிசன் அமைப்பு தொடுத்த வழக்கில் 1997இல் கீழமை நீதிமன்றம் அப்பட்டியலைச் செல்லாததாக்கியது. 1999இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை மீண்டும் ஏற்றது. தாளுக்கு எதிராகத் தொடங்கிய வழக்கின் கொடை, தலைப்பகுதி முழுமையாக உள்ள தாள் என்ற அளவில் சுருங்கிற்று. எனினும் மீதரவு இன்றேல் ஆவணம் இல்லை என்னும் கொள்கை நிலைபெற்றுவிட்டது.

அக்கொள்கைக்கு அறிவுத்துறை அடிப்படை வேறொரு திசையிலிருந்து வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் லூசியானா டுராண்டியும் டெர்ரி ஈஸ்ட்வுட்டும் 1994 முதல் 1997 வரை நடத்திய ஆய்வு, 1681இல் ழான் மபியோன் தொகுத்தளித்த ஆவண மெய்ம்மை ஆய்வுமுறையைக் கணினி ஆவணத்திற்குப் பொருத்திப் பார்த்தது. மடாலயங்களின் பட்டயங்களில் போலியைக் கண்டறியப் பிறந்த கலை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997 நவம்பரில் வெளியிட்ட ஆவண மேலாண்மை மென்பொருள் தரத்தில் கைகொடுத்தது.

அமைப்பின் தவறுகள்

வெள்ளை மாளிகை 1994இல் தானியங்கி ஆவண மேலாண்மை அமைப்பு ஒன்றை நிறுவியது. எந்தச் செய்தி ஆவணம் என அலுவலர் முடிவுசெய்ய வேண்டியதில்லை. அமைப்பே செய்திகளைப் பிடித்துக்கொள்ளும். அழிப்பதில் அக்கறை உடையவரிடமே தேர்வுரிமை இருந்தது என்பதுதான் 1986இன் குறை. அதற்கு இது சரியான மருந்து. ஆனால் தானியக்கமும் பிழைக்கு உட்பட்டதே. ‘மெயில்2’ என்னும் சேவையகத்தின் பெயரைப் பதிகையில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டில் நேர்ந்த தவறால், அதனைப் பயன்படுத்திய அலுவலர்களுக்கு வெளியிலிருந்து வந்த செய்திகள் 1996 முதல் 1998 வரை காப்பமைப்பிற்குள் செல்லவேயில்லை. மீட்பதற்குக் காப்புநகல் நாடாக்களே மீண்டும் துணையாயின. அடுத்த ஆட்சியில் மின்னஞ்சல் மென்பொருள் மாற்றப்பட்டபோது பழைய அமைப்பு கைவிடப்பட்டது. அதற்கு ஈடான மாற்று அமைக்கப்படவில்லை. அதனால் எழுந்த வழக்கு 2009 டிசம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. காணாமற்போனதாகக் கருதப்பட்ட 2.2 கோடி மின்னஞ்சல்கள் கண்டறியப்பட்டன. 94 நாள்களுக்குரிய செய்திகளை நாடாக்களிலிருந்து மீட்கவும் அரசு இசைந்தது.

மென்பொருள் மாற்றம் ஒரு தொழில்நுட்பப் பணியாக மட்டுமே கருதப்பட்டு, ஆவணப் பொறுப்பாளர் அதில் இடம்பெறாமற்போவதே பல நிறுவனங்களில் இழப்பிற்கு வாயிலாகிறது. அழிக்கும் நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும் இது நேர்கிறது.

பதவியை அளவுகோலாக்குதல்

2013 ஆகஸ்டில் தேசிய ஆவணக்காப்பகம் ‘கேப்ஸ்டோன்’ என்னும் அணுகுமுறையை முன்வைத்தது. ஒவ்வொரு செய்தியையும் மதிப்பிடும் பழைய முறை இதில் இல்லை. உயர்பதவி வகிப்போரின் மின்னஞ்சல் பெட்டி முழுமையும் நிலையாகக் காக்கப்படும். ஏனையோருடையது பொதுவாக ஏழாண்டு வைத்திருந்து அழிக்கப்படும். இதனால் ஓர் அமைச்சரின் மதிய உணவு அழைப்பு என்றென்றும் வாழும். களத்தில் உண்மையை முதலில் கண்டறிந்த இளநிலை அலுவலரின் எச்சரிக்கைக் கடிதம் மேலே செல்லாதிருந்தால் அழிந்துபோகும். 1986இல் நார்த் வகித்த பதவி பட்டியலில் ஏறும் அளவு உயர்ந்ததா என்பது விவாதத்திற்குரியது. பொருளை விட்டுப் பதவியைப் பற்றியதற்கு இது கொடுக்கப்பட்ட விலை. செய்திகளின் பெருக்கத்தின்முன் வேறு வழி எளிதில் புலப்படவில்லை என்பதும் உண்மையே.

2012இல் வந்த அரசு ஆணை, 2016 டிசம்பர் 31க்குள் கூட்டாட்சித் துறைகள் யாவும் மின்னஞ்சலை மின்னணு வடிவிலேயே மேலாள வேண்டும் எனக் காலவரை விதித்தது. அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தால் போதும் என்னும் நடைமுறைக்கு அந்நாளே எல்லையாயிற்று. ரிச்சியின் தீர்ப்பு வெளிவந்து அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் கடந்திருந்தன.